கோட்டை பார்க்க வந்தோம்

சந்திரகிரி ராஜமஹாலுக்கு எதிரே இருக்கும் தோட்டத்தில் நாங்கள் போய் உட்கார்ந்தது அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமையோடு ஏழாவது முறை. சரித்திரத்தின் மேல் அவ்வளவு ஆசையா என்று கேட்டால், எனக்கு உண்டு. என் மனைவி மாதவிக்கும் மாமியார் பத்மாசனிக்கும் கிடையாது. மைத்துனன் விஷ்ணுவர்தனுக்குக் கொஞ்சமும் கிடையாது. அவனுக்குப் பெண் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

பெண் பார்க்க ஏன் கோட்டைக்குப் போக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விஷ்ணுவுக்கு முப்பத்தொன்பது வயது. திருப்பதியில் ஒரு பெருமாள் கோவில் மடப்பள்ளியில் பிரசாதம் சமைக்கிறான். கோவில் கைங்கரியம் என்றால் எங்கள் வைஷ்ணவக் குடும்பங்களில் எல்லோரும் கைகூப்புவார்கள். பெண் மட்டும் கொடுக்க மாட்டார்கள். பெண்கள் படித்துவிட்டார்கள், பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். விறகடுப்புப் புகையும் ஈர வேட்டியுமாக வீடு திரும்பும் ஒருவனை அவர்கள் ஏன் கட்டிக்கொள்ள வேண்டும்?

முதல் சில வருடங்கள் வழக்கம்போலப் பெண் வீட்டுக்கே போனோம். சொஜ்ஜி, பஜ்ஜி, காப்பி. நாலு நாள் கழித்து "ஜாதகம் இன்னொரு தடவை பாத்தோம்" என்று போன் வரும். அதற்குள் எங்கள் தெருவுக்கும் அவர்கள் தெருவுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். மறுத்தவர்களுக்கும் நஷ்டம்தான். "அந்தப் பொண்ணை வந்து பாத்துட்டுப் போனா" என்று ஒருமுறை பேச்சு கிளம்பினால் அது அந்தப் பெண்ணின் கணக்கிலும் ஏறும்.

தெற்கு மாட வீதியில் ஜாதகம் பார்த்துச் சேர்த்துவைக்கும் ஹயக்ரீவன் மாமா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். வழி என்பதைவிட ஓர் இயந்திரம் என்றே சொல்வேன், அவ்வளவு யோசித்துச் செய்தது. ஜாதகம் பொருந்தினால் இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் சந்திரகிரிக்குச் சுற்றிப்பார்க்கப் போக வேண்டும். பெயர், ஊர், படம் எதுவும் முன்கூட்டித் தரமாட்டார். அவை அவருடைய நோட்டில் மட்டும் இருக்கும். தந்தால் இரண்டு பக்கமும் செல்போனில் துழாவி, பார்க்காமலேயே வேண்டாம் என்றுவிடுகிறார்கள். அடையாளத்துக்கு எத்தனை பேர், எந்தப் பக்கத்தவர்கள், பெண்ணின் புடவை நிறம் என்ன, இவ்வளவுதான். தோட்டத்தில் தற்செயலாகப் பேச்சு தொடங்க வேண்டும். "நீங்கள்தானா?" என்று எந்தப் பக்கமும் கேட்கக் கூடாது. நாம் கொண்டுபோன புளியோதரைத் தூக்கை அவர்களிடம் கொடுக்க வேண்டும். அது காலியாகத் திரும்பினால் இல்லை என்று அர்த்தம். ஒரு பழமாவது போட்டுத் திருப்பினால் மேலே பேசலாம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது. யார் கேட்டாலும், கோட்டை பார்க்க வந்தோம், பார்த்தாச்சு, அவ்வளவுதான்.

பழைய வீடுகளில் மெயின் பெட்டிக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்குமே, பியூஸ், அது எரிந்துபோவதற்கென்றே வைத்தது. அது எரிந்தால் வீடு எரியாது. மாமாவின் ஏற்பாட்டில் அந்தத் 'தற்செயல்'தான் கம்பி. நான் பாலிடெக்னிக்கில் கட்டுமானம் கற்பிக்கிறவன். இந்த மாதிரி அமைப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆறு முறை கம்பி எரிந்தது. தூக்கு ஆறு முறையும் நன்றாக அலம்பி, துடைத்து, காலியாக வந்தது.

ஏழாவது முறை கிளம்பும்போது காரிலேயே விஷ்ணு சொல்லிவிட்டான்.

"இதுதான் கடைசிம்மா. தை பொறந்தா நாப்பது. இதுவும் இல்லேன்னா மாமாகிட்டேருந்து ஜாதகத்தை வாங்கிண்டு வந்துடுவேன்."

"கிளம்பற நேரத்துல அபசகுனமா பேசாதேடா."

"சகுனம் பாத்து ஆறு தடவை போயாச்சு."

பத்மாசனி மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் வம்புக்குச் சொல்கிறவன் இல்லை, சொன்னால் செய்வான்.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் ரமணா எங்களைப் பார்த்ததும் சிரித்துத் தெலுங்கில் வரவேற்றார்.

"ரண்டி சார், ரண்டி! இன்னா, இந்த மாசமும் வந்துட்டீங்கோ. கோட்டைய ரிஜிஸ்டர் பண்ணிக்கினு போகப் போறீங்களா?"

"பேரம் படியலை ரமணா."

"படியும் சார். கொஞ்சம் ரிப்பேர் இருக்குது, அதச் சொல்லிக் கொறைச்சுக் கேளுங்கோ."

மாமா சொல்லியிருந்த அடையாளம் இது: அப்பா, அம்மா, பெண், மூன்று பேர். சென்னைப் பக்கம். பத்து மணி. பெண் மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்புடவை கட்டியிருப்பாள்.

பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தோட்டத்தில் புங்க மரத்தடி பெஞ்சில் அந்த மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நெற்றியில் திருமண்ணோடு அப்பா, மடிசார் இல்லாமல் சாதாரணமாகப் புடவை கட்டிய அம்மா, நீலப் பட்டில் பெண். முகத்தில் படித்த களை; கண்ணாடி போட்டிருந்தாள்.

"ஏன்னா," என்றாள் மாதவி மெதுவாக. "அது வெறும் நீலம்னா."

"மயில்கழுத்துதான்."

"மயில்கழுத்துன்னா பச்சை அடிக்கணும். எனக்குத் தெரியாத புடவையா?"

"நிழல்ல அடிக்காதுடி."

அவளுக்கு விளக்கிச் சொன்னேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. மயில்கழுத்தில் பாவு நீலமாகவும் ஊடை பச்சையாகவும் இருக்கும். எந்த நூலும் நிறம் மாறுவதில்லை. வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழும்போது, மடிப்பின் ஒரு சரிவில் பாவு பளிச்சிடும், மறு சரிவில் ஊடை. அதனால்தான் நடக்க நடக்க நீலமும் பச்சையுமாக ஓடுகிறது. மர நிழலில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வருகிறது. எது தூக்கலோ அது மட்டும் தெரியும்.

இதில் ஒரு வார்த்தை தவறில்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

"நீங்க சொன்னா சரிதான். ஹயக்ரீவன் மாமாவுக்கு ஒரு போன் போட்டுட்டா?"

"போன் பண்ணக் கூடாதுங்கறதுதானே ஏற்பாடே."

மாமியார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். விஷ்ணு தூக்கை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். நான் முன்னால் போனேன்.

"நமஸ்காரம். எந்த ஊர்லேருந்து வரேள்?"

"நங்கநல்லூர். என் பேர் வெங்கடராகவன்," என்றார் அந்த மனிதர், உடனே எழுந்து இடம் ஒதுக்கிக் கொடுத்துக்கொண்டே. "கல்யாண காரியமா திருமலைக்கு வந்தோம். திவ்யமா சேவை ஆச்சு. ராத்திரிதான் ரயில், அதான் இங்க ஒரு எட்டு. இது எங்காத்துல, இது பொண்ணு ப்ரியம்வதா. நீங்க?"

கல்யாண காரியமா என்று அவர் சொன்னபோது மாமியார் மாதவியின் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன்.

பேச்சு இவ்வளவு சுலபமாகத் தொடங்கியதே இல்லை. முன்பு வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். ராஜமஹாலில் மரமே கிடையாதாமே, மேல்தளம் எப்படி நிற்கிறது என்று கேட்டார். என்னிடம் போய் இதைக் கேட்டால்!

சொன்னேன். வளைவில் இருக்கும் ஒவ்வொரு செங்கல்லும் கீழே விழத்தான் பார்க்கிறது. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் விழப் பார்ப்பதால் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு எதுவும் விழுவதில்லை. கட்டும்போது மட்டும் அடியில் சாரம் கொடுப்பார்கள். உச்சிக் கல்லை இறக்கியதும் சாரத்தை உருவிவிடலாம். சுண்ணாம்புச் சாந்து காற்றை இழுத்து வருடக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். கட்டினவன் செத்துப்போன பிறகும் அது இறுகிக்கொண்டிருக்கும். கையை நீட்டி ஒவ்வொரு தளமாகக் காட்டினேன். பேசும்போது நான் கட்டடத்தைத்தான் பார்ப்பேன், வேறெதையும் பார்க்க மாட்டேன். மாதவி இதை என் குறையாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

நான் மூச்சு விட்ட இடத்தில் வெங்கடராகவன் விஷ்ணுவைக் கேட்டார்.

"நீங்க என்ன பண்றேள்?"

"மடப்பள்ளில தளிகை."

இந்த இடத்தில்தான் எப்போதும் முகங்கள் மாறும். அவர் முகம் மலர்ந்தது.

"அடடா! அக்காரவடிசல் பண்ணுவேளா?"

"பண்ணுவேன்."

"எத்தனை பேர் வரைக்கும்?"

"ஆயிரம் பேருக்குக்கூடப் பண்ணியிருக்கோம். தனியா ஐநூறு."

"வெளியூர் போகணும்னா லீவு தருவாளா?"

"முறை மாத்திக்கலாம் மாமா."

மாமியார் தூக்கைத் திறந்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண், ப்ரியம்வதா, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு விஷ்ணு பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கலாமா? கோவில்ல நைவேத்தியத்துக்கு முன்னாடி ருசி பாக்கக் கூடாதில்லையா?"

"பாக்கக் கூடாது. வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. மூக்கை வஸ்திரத்தால கட்டிப்போம்."

"அப்போ உப்பு சரியாயிருக்குன்னு எப்படித் தெரியும்?"

விஷ்ணு தன் உள்ளங்கையைப் பார்த்தான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. பதினாறு வருடமாக அவனுக்கு அத்திம்பேராக இருக்கிறேன், நானே கேட்டதில்லை.

"கைதான். இத்தனை படி அரிசிக்கு இத்தனை கை உப்பு. ஆனா யாரோட கைங்கறது முக்கியம். எங்கப்பா கை பெரிசு. அவர் மூணு கைன்னு சொல்லிக்கொடுத்தார். நான் மூணு போட்டேன், சப்புன்னு ஆயிடுத்து. அப்புறம்தான் தெரிஞ்சுது, அவரோட மூணு எனக்கு நாலு."

அவள் சிரித்துக்கொண்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "என் கைக்கு?"

விஷ்ணு தொடாமல் குனிந்து பார்த்தான். "ஆறு ஆகும்."

"தப்பாப் போனா திரும்பப் பண்ணுவேளா?"

"தப்புன்னு எங்களுக்குத் தெரியாதே. பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார். வரிசைல நிக்கறவா வாய்ல போட்டுண்டு மூஞ்சியைச் சுளிச்சாத்தான் தெரியும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். கொதி வரும் சத்தம், வெல்லம் கரையும் பதம், அண்டாவின் அடி பிடிக்காமல் துடுப்பைத் திருப்பும் விதம் என்று அவன் பேசிக்கொண்டே போனான். விஷ்ணு இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்.

"அப்பா, ஒரு போட்டோ எடுங்கோ. ராஜமஹாலோட," என்று ப்ரியம்வதா எழுந்து மர நிழலை விட்டு வெயிலுக்குப் போனாள்.

புடவை நீலமாகவே இருந்தது.

அவள் திரும்பினாள், தலைப்பை இழுத்துவிட்டாள், இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தாள். எல்லா மடிப்பிலும் நீலம். பாவும் நீலம், ஊடையும் நீலம். நான் மாதவியைப் பார்த்தேன். மாதவி ஏற்கெனவே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தோட்டத்தை முதல்முறையாகச் சுற்றிப் பார்த்தேன். வாசலை நோக்கிப் போகும் பாதையில் மூன்று பேர் எங்களுக்கு முதுகு காட்டி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நடுவில் போன பெண்ணின் புடவை மர நிழலில் நீலமாக இருந்தது; வெயில் பட்ட இடத்தில் பச்சையாயிற்று; அடுத்த நிழலில் மறுபடி நீலம்.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயதில் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு. வாசலுக்கு வெளியே அவர்கள் வாடகைக் காரில் ஏறும்போதுதான் போய்ச் சேர்ந்தேன்.

"நமஸ்காரம். நீங்க... ஹயக்ரீவன் மாமா சொல்லி..."

ஏற்பாட்டின் முதல் விதியை நானே உடைத்துவிட்டேன். அந்தப் பெரியவர் கார்க் கதவில் கை வைத்தபடி என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நாங்க கோட்டை பாக்க வந்தோம்," என்றார். "பாத்தாச்சு."

"இல்லை, ஒரு சின்னத் தப்பு ஆயிடுத்து. புடவை..."

"ஒரே நாள்ல ரெண்டு பொண்ணைப் பாக்கறதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றாள் உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாள். "முக்கால் மணி நேரம் வெயில்ல நின்னுண்டிருந்தோம். ஒருத்தராவது திரும்பிப் பாத்தேளா?"

"அது வேற யாரோ மாமி. எங்களுக்குத் தெரியவே தெரியாது. நிழல்ல மயில்கழுத்து..." என்று தொடங்கினேன். பாவையும் ஊடையையும் அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? தெரியாதவர்களோடு முக்கால் மணி நேரம் சொந்தக்காரர்கள் மாதிரி சிரித்துப் பேசினோம் என்று சொன்னால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பெண் தன் புடவையை ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

"விடுங்கோ மாமா. அவர் நன்னா சிரிச்சுப் பேசிண்டிருந்தார். அங்கயே அமையட்டும்."

கோபமாகக்கூட இல்லை அவள் குரல். கார் திரும்பி நெடுஞ்சாலைப் பக்கம் போயிற்று.

திரும்பி வரும் வழியில் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே நடந்தேன். பெஞ்சுக்குப் பக்கத்தில் மாமியார் என்னை எதிர்கொண்டு வந்தார். அந்த முகத்தை அப்படி நான் கண்டதில்லை.

"எங்க போயிட்டேள் மாப்பிள்ளை? தை மாசத்துல நாலு நாள் ஒழியுமான்னு கேக்கறார்! தைக்கே போயிட்டா, பாத்துக்கோங்கோ!"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் தூக்கை மாதவியிடம் நீட்டினாள். உள்ளே இரண்டு ஆப்பிளும் வெற்றிலை பாக்கும் இருந்தன. மூடியின் மேல் குங்குமச் சிமிழ், அதன் கீழே நாலு முனையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை.

"முதல் பத்திரிகையை நேத்திக்குப் பெருமாள் திருவடியில வெச்சாச்சு," என்றாள். "அதுக்கப்புறம் முதல் பத்திரிகை உங்களுக்குத்தான். அவசியம் எல்லாரும் வரணும். மாப்பிள்ளைப் பையன் ஹைதராபாத்துல இருக்கான்."

"வெறுமனே வந்தாப் போறாது," என்று வெங்கடராகவன் விஷ்ணுவின் தோளில் கை வைத்தார். "அக்காரவடிசல் உங்க கையாலதான். எங்க சமையல்காரன் பண்ணினா சர்க்கரைப் பொங்கல் மாதிரி இருக்கும். ஐநூறு இலை. கேக்கலாமோ கூடாதோன்னு இத்தனை நேரம் சுத்தி வளைச்சுண்டிருந்தேன்."

"வாங்கோ, நானே கை பாத்து உப்பு போடறேன்," என்றாள் ப்ரியம்வதா. "ஆறு கை, ஞாபகம் இருக்கு."

"அக்காரவடிசலுக்கு உப்பு கிடையாதும்மா," என்றான் விஷ்ணு. எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார், அவருக்கு அந்தப் பத்திரிகை என்னவென்று இன்னும் முழுதாக உறைக்கவில்லை. மாதவி தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏழு முறையில் இதுதான் காலியாக இல்லாமல் வந்தது.

வாசலில் ரமணா, "அடுத்த மாசம் பாக்கலாம் சார்," என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. மாமியார் தூக்கை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, பத்திரிகையை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, மெல்லப் படித்தார். படித்து முடித்ததும் அதை மடித்து மூடியின் மேலேயே வைத்துவிட்டார்.

"விஷ்ணு," என்றேன். "தப்பு என்னோடது. நிஜமா வர வேண்டியவா வந்திருந்தா. நான்தான் புடவையை..."

"தெரியும் அத்திம்பேர். நானும் பாத்தேன். வெயில்ல பச்சையாச்சு."

"எப்போ பாத்தே?"

"நீங்க வளைவைப் பத்திச் சொல்லிண்டிருந்தேளே, அப்பவே. அந்தக் கொன்றை மரத்துக்கிட்ட நின்னு நம்மளையே பாத்துண்டிருந்தா."

மாதவி பின்னால் திரும்பினாள். "அப்பவேவா? ஏண்டா சொல்லலை?"

"சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள நம்ம பெஞ்சுல இருந்த பொண்ணு உப்பைப் பத்திக் கேட்டுட்டா."

மாமியார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் வண்டியை ஓட்டினேன். எதிரே வெயிலில் திருமலை மலைத்தொடர் ஒரே நீலமாகக் கிடந்தது. அது ஏன் அப்படித் தெரிகிறது என்பது எனக்குத் தெரியும், யாரும் கேட்கவில்லை.

"நாளைக்கு மாமாவாத்துக்குப் போய் ஜாதகத்தை வாங்கிண்டு வந்துடறேன்," என்றான் விஷ்ணு, சிறிது நேரம் கழித்து. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு அவன் கையை நீட்டி, அம்மாவின் மடியிலிருந்த தூக்கின் மேலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தான். அடியில் அச்சடித்திருந்த போன் நம்பரைத் தேடினான்.

"ஐநூறு இலைன்னு மட்டும் சொன்னார்," என்றான். "ராத்திரியா, மத்தியானமான்னு கேக்க மறந்துட்டேன். ராத்திரின்னா அரிசி குறைச்சுப் போடணும்."